வலது பக்கம் எட்டு மில்லி

பிப்ரவரி 3, திங்கள்

மறுபடியும் புகார். மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் அடித்த ரப்பர் பாய்களில் ஒரு ஓரம் மெலிசாக இருக்கிறதாம். எட்டு மில்லி இருக்க வேண்டிய இடத்தில் ஏழரை, சிலதில் ஏழே கால். வாங்குகிறவர்கள் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தடிமன் அளக்கும் வெர்னியரைப் பிடித்திருக்கும் விரலின் அழுக்கு நகம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. மீட்டிங்கில் மேனேஜர் படத்தைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தொழிற்சாலையில் அளவு என்றால் நான்தான். நல்ல அளவு வந்தால் மட்டும் அது மெஷினின் பெருமை.

ரப்பரை அழுத்தும் மேல்தட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணினிக்குச் சொல்வது ஒரே ஒரு சென்சார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் தேர்ந்தெடுத்து, நானே நின்று மாட்ட வைத்தது. உள்ளே ஒரு பட்டை, அதன்மேல் உரசிக்கொண்டே போகும் ஒரு சிறு தூரிகை. உரசுகிற பொருள் தேயும். தேய்ந்துவிட்டதோ என்னவோ. "புது சென்சார் மாத்துறோம்னு அவங்களுக்குச் சொல்லிட்டேன்" என்றார் மேனேஜர். என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார். சரி, என்ன சென்சார் என்பதையாவது என்னிடம் விட்டாரே.

திங்கட்கிழமை ஆனதால் காலையில் ரேடியோ வந்தார், ஒயர் பற்ற வைக்கும் ஈயக் கம்பி கேட்டு. மூன்றாம் நம்பர் பிரஸ் ஓட்டுகிறவர். வாரா வாரம் இரண்டு முழம் வெட்டிக்கொண்டு போவார். வீட்டில் ரேடியோ பழுது பார்க்கிறார் போல என்று நான்தான் அந்தப் பெயரை வைத்தேன், அது ஒட்டிக்கொண்டது. வாயே திறக்காத மனிதருக்கு ரேடியோ என்று பெயர் என்பதில் எல்லாருக்கும் இரட்டைச் சந்தோஷம். "என்ன ரேடியோ, இந்த வாரம் எந்த ஸ்டேஷன்?" என்றேன். ரூமில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "மேடம், அந்த மேல்தட்டு..." என்று ஏதோ ஆரம்பித்தார். புகார்க் கடிதம் என் கையில். "ஸ்கிரீன்ல என்ன காட்டுதோ அதப் பாருங்க, போதும்" என்றேன். போய்விட்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

இரண்டு நாளாக இதே வேலை. லேசர் வைக்கலாமென்றால் சூட்டு ரப்பரின் புகையில் அதற்குக் கண் தெரியாது. இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கிக்கொள்ளும் கம்பிச் சென்சார் எளிது, ஆனால் இங்கே பறக்கிற தூளுக்கு ஒரே மாதத்தில் சிக்கிக்கொள்ளும். கண்ணாடி ஸ்கேல் வைத்த வகை, அதிர்வுக்கு ஆகாது. பக்கத்தில் இரண்டாம் நம்பர் பிரஸ் மூடும்போது என் மேசையில் டீயே குலுங்குகிறது. மிச்சம் இருப்பது காந்த வளைய வகை. ஒரு நீளக் கம்பி, அதைத் தொடாமல் சுற்றி நிற்கும் ஒரு காந்த வளையம். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. இதுதான். நானூறு மில்லி நீளம்.

எழுதி முடித்தபோது மனசு லேசானது. தேர்ந்தெடுப்பது எனக்குப் பிடித்த வேலை. என்னவோ, இந்த ஒரு வேலையில் மட்டும் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

சென்சார் கம்பெனிக்காரர் வந்தார். இந்த வெயிலில் கோட்டு. நான்கு இலக்கம் வரை துல்லியம் என்றார். "எங்க மெஷினே ரெண்டு இலக்கம்தான் சார் நிக்கும்" என்றேன். "எதிர்காலத்துக்கு உதவும் மேடம்" என்றார். எந்த மெஷினில், எந்தப் பக்கம், என்ன சூட்டில் மாட்டப் போகிறோம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பழையது இருந்த இடத்திலேயே மாட்டிவிடலாம், வலது பக்கம். ஏணி அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஒயரும் அங்கேதான் வருகிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

வாங்குகிறவர்கள் திங்களன்று நேரில் வருகிறார்களாம். தொழிற்சாலை முழுவதும் பெயின்ட் நாற்றம். இருக்கிற அழுக்கை எல்லாம் பூசி மெழுகும் வேலையில் மேனேஜரை அடிக்க ஆளில்லை.

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் மின்பெட்டிக் கதவில் சாக்பீஸால் வரிவரியாக எண்கள். வரிக்கு நாலு. ரேடியோவின் கையெழுத்து. சீட்டாட்டக் கணக்கா, லாட்டரியா, ஆண்டவனுக்கே வெளிச்சம். "இதென்ன சுவரா? துடைச்சுப் பெயின்ட் அடிங்க" என்றேன். துடைத்துவிட்டு அடித்தார்கள். பச்சை. பளபள என்று இருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். கணினிப் பதிவைப் பார்த்தால் இந்த ஆள் பாதி நேரம் பிரஸ்ஸைக் கையால் ஓட்டியிருக்கிறார். தானாக இறங்கி எட்டு மில்லியில் தானாக நிற்கிற மெஷின், அதைக் கடைசி இரண்டு விரல் தூரம் கையால் இறக்குவானேன்? அளவு ஏன் மாறாது? "மூன்றாம் நம்பர் பிரஸ்ஸைக் கைமுறையில் ஓட்டக் கூடாது" என்று நோட்டீஸ் அடித்து, கையெழுத்துப் போட்டு, அந்தப் பச்சைக் கதவிலேயே ஒட்டினேன். ரேடியோ இரண்டு தடவை படித்தார். "அப்ப ஆட்டோல விட்ரவா மேடம்?" என்று கேட்டார். "அதுக்குத்தானே மெஷின்" என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். ஏப்ரலில் டிபார்ட்மென்ட் தலைமைக்கு என் பெயரைத்தான் சொல்லப் போகிறாராம். வீட்டில் சொன்னேன். "அப்போ உனக்கு ஒரு நல்ல ஜாக்கெட் தைக்கணும்" என்றார் அவர். இருபது வருஷமாகத் தையல்காரர் பெண்டாட்டி, ஒரு ஜாக்கெட்டும் நேரத்துக்குக் கைக்கு வந்ததில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

பர்ச்சேஸ்காரரிடம் கையெழுத்துக்குப் பதினோரு நாளாகக் கிடக்கிறது என் கோரிக்கை. "ஏன் மேடம் இந்த வகைதான் வேணும்? கம்பி மட்டும் கம்மி வெலைல கெடைக்குது" என்கிறார். சென்சாரில் கம்பி மட்டும் வாங்கி என்ன செய்வது? துணி காயப்போடவா? சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். எனக்கு அவரைவிடக் கோபம்.

மார்ச் 4, செவ்வாய்

மோல்டு உடைந்துவிட்டது.

மதியம் மூன்று மணி இருக்கும். ரூமிலிருந்தே சத்தம் கேட்டது, எலும்பு முறிகிற மாதிரி. ஓடினேன். மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில், ரப்பரை வைத்து அழுத்தும் அச்சு, அந்தக் கீழ் மோல்டின் பின்மூலை விண்டு கிடக்கிறது. ரேடியோ அவசர பட்டனை அழுத்தியபடி நிற்கிறார், கையை எடுக்கவே இல்லை. நல்லவேளை, துண்டு யார் மேலும் தெறிக்கவில்லை. "என்னாச்சு?" என்று மேனேஜர் கத்தினார். "ஆட்டோலதான் சார் விட்டேன்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

புது மோல்டு வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை பழைய மாடல் மோல்டு.

மார்ச் 5, புதன்

சென்சாரைச் சோதித்தேன். மேல் முனை, கீழ் முனை, நடுவில் பத்து இடம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எல்லாம் சரி. உடைந்த நேரத்துப் பதிவில் தட்டு மிகச் சரியாக 8.0-வில் நின்றிருக்கிறது. சென்சாரில் குறையில்லை.

அறிக்கை எழுதினேன். "நிலைச் சென்சார் சரியாக இயங்குகிறது." கையெழுத்து, தேதி.

உண்மையைச் சொன்னால் ஒரு சந்தோஷம். நான் தேர்ந்தெடுத்தது தப்பில்லை என்று. மோல்டு உடைந்து கிடக்கும்போது சந்தோஷப்பட்ட ஒரே ஜென்மம் நானாகத்தான் இருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

ரேடியோவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இருபத்தெட்டாம் தேதி விசாரணை.

காரணமாகக் காட்டுவது என் அறிக்கை. சென்சார் சரி, மெஷின் சரியாக எட்டில் நின்றது, ஆகவே ரப்பரை மோல்டில் கோணலாக வைத்தது ஆள்தான். மேனேஜர் அதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் அப்படி எழுதவில்லையே சார் என்றேன். "நீங்க எழுதினதுலேர்ந்து வேற என்ன வருது? சொல்லுங்க" என்றார். ஒன்றும் வரவில்லை.

இரண்டாவது குற்றம் வேறு. அவர் லாக்கரைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு பிஸ்கட் டின் நிறைய நசுங்கிய ஈய உருண்டைகள். கம்பெனி ஈயத்தைச் சேர்த்து வைத்து வெளியே கடத்தப் பார்த்தாராம். செக்யூரிட்டிக்காரர் டின்னைக் குலுக்கிக் காட்டினார், புதையல் எடுத்தவர் மாதிரி. "ஈயம் குடுத்தது நீங்கதானே?" என்றார்கள். "கேட்டார், குடுத்தேன்." "எதுக்குன்னு கேக்கலையா?" கேட்கவில்லை. ஸ்டேஷன்தான் கேட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. இந்த ஆளுக்கு ஏன் இந்த வேலை?

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். காஜா எடுத்துக்கொண்டே கேட்டார். "அந்த ஆளு என்ன சொல்றாரு?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "கேட்டியா?" என்றார். எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன்.

மார்ச் 13, வியாழன்

சென்சார் வந்துவிட்டது. நானூறு கேட்டேன், நானூற்றைம்பது வந்திருக்கிறது. பர்ச்சேஸ்காரர் சொல்கிறார்: "பெருசுதானே மேடம், நல்லதுதானே?" ஐம்பது மில்லி கூடுதலாக இருக்கிற கம்பி போய் அடித்தட்டில் இடிக்கும் என்று சொன்னேன். "கொஞ்சம் வெட்டிக்க முடியாதா?" வாழைத்தண்டு பாருங்கள், வெட்டிக்கொள்ள. திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 18, செவ்வாய்

சரியான நீளம் வந்தது. மாட்டினார்கள். அளவு தவளை மாதிரி குதிக்கிறது. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் பார்த்தால், காந்த வளையத்தை இரும்பு ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்கிறார்கள். பித்தளை ஸ்குரூ பெட்டியிலேயே இருந்தது. "அது சின்னதா இருந்துச்சு மேடம், ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு..." காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு! அழுவதா சிரிப்பதா?

மார்ச் 20, வியாழன்

பித்தளை ஸ்குரூ. அளவு பாறை மாதிரி நிற்கிறது. பழைய சென்சாரையும் கழற்றாமல் இரண்டையும் ஒரு நாள் முழுக்கச் சேர்த்து ஓட்டினேன். பழையது 8.0. புதியது 8.0. நூறு முறைக்கு நூறு முறை.

ஒன்றரை மாதமாக யாரோடெல்லாம் சண்டை போட்டேனோ அந்தப் புதுச் சென்சார், பழைய சென்சார் சொன்னதையே சொல்கிறது.

மார்ச் 21, வெள்ளி

இன்று அடித்த பாய்களை நானே அளந்தேன். ஓரம் 7.1. ஏழு புள்ளி ஒன்று! புதுச் சென்சார் போட்டும். தரச் சோதனை மேசைக்குப் போய் அங்கே வெட்டி வைத்திருந்த மாதிரித் துண்டுகளை அளந்தேன், எல்லாம் எட்டு. எங்கே வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "இங்கேர்ந்து எட்டுற மூலைலதான் மேடம்." எப்போதும் ஒரே மூலை. ஏணிப் பக்கத்து மூலை.

அப்படியானால் மெலிசான ஓரம் மிச்சமிருப்பதில் எந்தப் பக்கம்? யாருக்கும் தெரியவில்லை. பாயை எடுத்து அடுக்கில் போட்ட பிறகு எது இடது, எது வலது? தெரிந்த ஆள் ஒருவர்தான். அவர் கையில்தான் பாய் சூடாக வெளியே வரும். அவரை நாங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நானும்தான். நாங்கள் என்று எழுதித் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

மார்ச் 23, ஞாயிறு

போனேன். டைம் ஆபீஸில் விலாசம் வாங்க, முதலில் ரேடியோவின் உண்மைப் பெயரைக் கேட்க வேண்டியிருந்தது. ஏழு வருஷம் ஒரே கூரையின் கீழ்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். "யாரு?" தொழிற்சாலையிலிருந்து என்றதும் முகம் மாறிவிட்டது. "இன்னும் என்ன எடுக்கணும்?" என்றார். உள்ளேயிருந்து அவர் வந்து, "மேடம்தான், உள்ள வரச் சொல்லு" என்றார். கண் அதுவாகவே தேடியது, எங்கேயாவது ஒரு ரேடியோ இருக்கிறதா என்று. இல்லை. ஒரு டிவி, அதுவும் மூடிப் போட்டு வைத்திருந்தது.

ஈயத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு மாதம் பிந்திய கேள்வி.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். "ஞாயித்துக்கிழமை மெஷின் ஆறிக் கெடக்கும் மேடம். திங்கக்கெழம சூடேத்தறதுக்கு முன்னாடி ஈயத்த கோலிக்குண்டு மாதிரி உருட்டி நாலு மூலைலயும் வெப்பேன். ஒரு தடவ பிரஸ்ஸ மூடித் தெறந்தா நசுங்கிடும். எந்த மூலை எவ்வளவு நசுங்கிருக்குன்னு அளந்தா தட்டு நேரா எறங்குதா, சாயுதான்னு தெரிஞ்சுடும். இடது பக்கம் பின்னாடித் தூண்ல தட்டப் புடிச்சிருக்கற புஷ் வளையம் தேஞ்சிருக்கு மேடம். வேகமா எறங்கினா அங்க சாயும். கடைசி ரெண்டு வெரல் மட்டும் கையால மெதுவா எறக்கினா நேராயிடும்."

கதவில் இருந்த எண்கள்? "நாலு மூலை அளவுதான். திங்கக்கெழம திங்கக்கெழம எழுதுவேன்."

நான் துடைக்கச் சொன்னது. நான் தடை போட்டது. இந்த மனிதர் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த மெஷினை நான் நோட்டீஸ் போட்டுப் பிடுங்கி உடைய விட்டிருக்கிறேன்.

ஏன் சொல்லல? கேட்டுட்டேன், கத்தியே கேட்டுட்டேன். அவர் கத்தவில்லை. "ஃபோர்மேன்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன் மேடம். ஸ்கிரீன் எட்டு காட்டுதுன்னாரு. உங்ககிட்ட சொல்லலாம்னுதான் ஒவ்வொரு வாரமும் ஈயம் வாங்க நானே வருவேன். ஆள் அனுப்ப மாட்டேன். நீங்க எந்த ஸ்டேஷன்னு கேப்பீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. சரி அடுத்த வாரம் பாப்போம்னு வந்துடுவேன்."

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். பிப்ரவரி மூன்று. "மேடம், அந்த மேல்தட்டு..." என் கையெழுத்திலேயே இருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கு. என்ன பெருமை எனக்கு. என்ன கிண்டல். ச்சே.

மார்ச் 24, திங்கள்

காலை ஏழரைக்கே போய்விட்டேன். என் ரோலிலிருந்து இரண்டு முழம் ஈயம். உருட்டத் தெரியவில்லை, முதல் நாலும் முட்டை மாதிரி வந்தது. ஆறிக் கிடந்த மோல்டின் நாலு மூலையிலும் வைத்து, ஆட்டோவில் ஒருமுறை மூடித் திறந்தேன். ஸ்கிரீனில் 8.0. இரண்டு சென்சாரும்.

ஏணிப் பக்கம் முன்மூலை 8.0. ஏணிப் பக்கம் பின்மூலை 7.9. இடது முன்மூலை 7.4. இடது பின்மூலை 6.9.

பிறகு கடைசி இரண்டு விரலைக் கையால் இறக்கிப் பார்த்தேன், என் சொந்த நோட்டீஸ் எதிரே ஒட்டியிருக்க. 8.0, 8.0, 7.9, 7.9.

சென்சார் பொய் சொல்லவில்லை. வலது பக்கம் எட்டா என்று கேட்டேன், எட்டு என்றது. இடது பக்கத்தைப் பற்றி நான் அதைக் கேட்கவே இல்லை. எந்த வகை, எத்தனை இலக்கம், எவ்வளவு நீளம் என்று இரண்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டவள், எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. ஏணி இருந்தது, ஏறினேன், மாட்டினேன்.

மாலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "பாதிப் பேருக்கு ஒரு தோள் தாழ்ந்துதான்மா இருக்கும். ரெண்டு பக்கமும் அளக்கணும். என்னக் கேட்டிருந்தா சொல்லிருப்பேனே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் தப்பித்தது பெரிது.

மார்ச் 25, செவ்வாய்

இரண்டாவது அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ஒளிக்காமல் எழுதினேன். சென்சார் இடம் என் தேர்வு, கைமுறைத் தடை என் உத்தரவு, கதவில் இருந்த அளவுகளை அழித்தது நான். ரேடியோ என்று இல்லாமல் அவர் பெயரை முழுசாக எழுதினேன்.

மேனேஜர் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டுலயும் உங்க கையெழுத்து. எது பொய்?"

"ரெண்டும் உண்மை சார். மொதல்ல எழுதினது பாதி."

"இத குடுத்தா ஏப்ரல்ல உங்க பேர நான் எப்படிச் சொல்றது? கொஞ்சம் யோசிங்க. விசாரணை முடியட்டும், புஷ்ஷ சத்தமில்லாம மாத்திக்கலாம். அவருக்கும் வேற எடம் பாத்துக் குடுக்கலாம்."

நல்ல மனசோடு சொல்கிற மாதிரியேதான் சொன்னார். ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு நிமிஷம் முழுசாக. "எடுத்துக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

விசாரணை. நீள மேசை. மேனேஜர், ஹெட் ஆபீஸ் அதிகாரி, செக்யூரிட்டிக்காரர், நான். எதிரில் அவர், இஸ்திரி போட்ட சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு.

என் ஒரு நாள் சோதனை போதாது என்றார் ஹெட் ஆபீஸ் அதிகாரி. மோல்டு உடைந்த அதிர்ச்சியில் அன்றுதான் புஷ் கெட்டிருக்கலாமே? அதற்கு முன்னால் சாய்ந்ததற்கு என்ன ஆதாரம்? சாக்பீஸ் எண்களை நீங்களே அழித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே. நியாயமான கேள்வி. எதிரில் கை கட்டியிருந்தவரைப் பார்த்தேன். அவர் செக்யூரிட்டிக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டின்!

நான்தான் மக்கு, அவர் கண் போகிற இடத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. "அதத் தெறங்க" என்றேன். செக்யூரிட்டிக்காரர் தரமாட்டேன் என்றார், அது திருட்டுக்கு ஆதாரமாம். அதிகாரி சொன்ன பிறகு மேசையில் கொட்டினார். நாற்பத்து நாலு உருண்டைகள். ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறிய கோடு. "கோடு எதுக்கு?" என்று அதிகாரி முதல்முறையாக அவரையே கேட்டார்.

"எந்த மூலைன்னு தெரியணும்ல சார். ஒரு கோடு, ரெண்டு கோடு ஏணிப் பக்கம். மூணு கோடு, நாலு கோடு இடது பக்கம்."

வெர்னியரை நான் எடுக்கவில்லை. அதிகாரியிடமே கொடுத்தேன், என் அளவை இனி யார் நம்புவார்கள். அதிகாரி ஒவ்வொன்றாக அளக்க அளக்க, ரேடியோ... இல்லை, இனி அப்படி எழுத மாட்டேன். அவர் நாலு குவியலாகப் பிரித்து வைத்துக்கொண்டே வந்தார். ஒரு கோடு எல்லாம் எட்டு. நாலு கோடு 7.8, 7.8, 7.7 என்று ஆரம்பித்து 7.0 வரை. பதினொரு திங்கட்கிழமைகள். கடைசித் திங்கள் மோல்டு உடைவதற்கு முந்தின நாள்.

இவ்வளவு நாள் அவரைத் திருடன் என்று சொல்ல அந்த டின்னைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அதிகாரி கடைசி உருண்டையை வைத்துவிட்டு அவரைக் கேட்டார், "இத ஏன் வெளிய எடுத்துட்டுப் போக வெச்சிருந்தீங்க?"

"வெளிய எடுக்கல சார். லாக்கர்லதான இருந்துச்சு. யாராவது கேப்பாங்கன்னு வெச்சிருந்தேன்."

ஏப்ரல் 2, புதன்

அவர் மேல் இருந்த இரண்டு குற்றமும் தள்ளுபடி. எனக்கு எச்சரிக்கைக் கடிதம்.

ஏப்ரல் 11, வெள்ளி

டிபார்ட்மென்ட் தலைமை வேறொருவருக்கு. நல்லவர்தான். வயிறு எரியவில்லை என்று எழுதினால் அது பொய். ஜாக்கெட் மட்டும் இந்தத் தடவை நேரத்துக்குத் தயாராகிவிட்டது, வீட்டுக்காரர் அதைக் கண்ணில் படாமல் அலமாரியில் வைத்துவிட்டார்.

ஏப்ரல் 16, புதன்

புஷ் மாற்றியாயிற்று. இடது பக்கம் இரண்டாவது சென்சார், அதே காந்த வளைய வகை, நானூறு மில்லி, பித்தளை ஸ்குரூ. இரண்டு சென்சாருக்கும் கால் மில்லிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரஸ் தானாக நிற்கும். இடது பக்கம் ஏணி இல்லாததால் மேசை மேல் ஸ்டூல் போட்டு ஏறினேன். கதவிலிருந்த என் நோட்டீஸைக் கிழித்தேன். பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

இன்று அவர் வேலைக்குத் திரும்புகிற நாள். ஏழே காலுக்கே ரூமுக்கு வந்து ஈயக் கம்பியை எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். ஸ்டேஷன் கேட்கப் போவதில்லை. உட்காருங்கள், இந்த வாரம் அளவு எப்படி என்று கேட்பதாக இருந்தேன். ஏழே முக்கால் ஆயிற்று. வரவில்லை.

நானே ரோலோடு மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் போனேன். அவர் ஏற்கெனவே நாலு உருண்டையையும் நசுக்கி அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம்" என்றார், பழைய மாதிரியேதான். "8.0, 8.0, 8.0, 7.9" என்று அவர் சொல்லச் சொல்ல நான் சாக்பீஸ் எடுத்து, பெயின்ட் உரிந்த இடத்துக்குப் பக்கத்தில், பச்சைக் கதவில் எழுதினேன். என் எழுத்து கோணலாக வந்தது.

பிறகு அவர் மேசையில் கிடந்த ஈயத்தைப் பார்த்தேன். கடைச் சுருள், புதுசு. என் கையில் இருந்த ரோலை அவரும் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை.

"கடையில வாங்கினது மேடம்" என்று சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து என் முன்னால் நீட்டினார். "பில் இருக்கு."